அப்புறம்...?
அம்மாகிட்ட போன்ல பேசுறப்ப விஷயமெல்லாம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும், ஆனா வைக்க மனசு வராது, அப்பதான் அந்த "அப்புறம்...?" வரும். புதுசா கதை சொல்லுன்னு அர்த்தம் இல்ல, இன்னும் கொஞ்ச நேரம் லைன்ல இருன்னு அர்த்தம். அதையே "சரி, அப்புறம்..."னு இழுத்தா வைக்கப்போறாங்கன்னு புரிஞ்சிரும். கடன் கேக்க வந்தவங்க "அது வந்து..."ன்னு ஆரம்பிப்பாங்களே, வாய் கூசுற இடத்துல அந்த 'வந்து'தான் கைய பிடிச்சு கூட்டிட்டுப் போகுது.

இதையெல்லாம் வெட்டி வார்த்தைன்னு சொன்னா எனக்கு கோவம் வரும். 'அம்ம'ங்கற சொல் எதிர்ல இருக்கறவங்கள கேக்க வைக்கறதுக்குன்னு தொல்காப்பியத்துல இடைச்சொற்களப் பத்தி பேசுற இடையியல்லயே இருக்கு, நாம "இங்க பாரு", "கேளேன்"னு சொல்றோமே அந்த வேலைதான்.

நேத்து ராத்திரி அம்மா மூணு தடவ "அப்புறம்?" கேட்டாங்க. மூணு தடவையும் "நீதாம்மா சொல்லணும்"னேன்.