பெரிம்மாவோட மாத்திரை டப்பா

ஜூன் 12, 2025, வியாழன்

மேட்டூர் தொறந்தாச்சுன்னு டிவில ஓடுது, பெரிப்பா நாத்து விட ஆள் தேடி போன்ல கத்திட்டிருக்கார், உள் ரூம்ல பெரிம்மா கைய சொறியற சத்தம் கூடம் வரைக்கும் கேக்குது. ஏழு மாசமா இதான். தோலுக்குள்ள ஏதோ ஊருது, நூல் நூலா வெளிய வருதுன்னு சொல்றாங்க. வர்றத எல்லாம் வெள்ளப் பேப்பர்ல மடிச்சு ஒரு காலி மாத்திரை டப்பால சேத்து வச்சிருக்காங்க.

இன்னிக்கு ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். டப்பாவ எடுத்து மேஜைல வச்சதுமே அவர் மூஞ்சி மாறிடுச்சு. கைய தொட்டுக்கூட பாக்கல, லென்ஸ் எடுக்கல, மனநல டாக்டருக்கு ஒரு லெட்டர் எழுதி நீட்டிட்டார். பெரிம்மா பஸ்ல மன்னார்குடி வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

இப்படி டப்பாவோட வர்றதயே மனக்கோளாறுக்கு அடையாளமா எடுத்துக்கறாங்க, அதுக்கு மருத்துவத்துல பேரும் இருக்கு, தீப்பெட்டி அறிகுறின்னு 1983ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதியிருக்காங்க. நான் லேப்ல வேலை பாக்கறவ, காலைல எழுந்ததும் சளிய டப்பால பிடிச்சு எடுத்துட்டு வாங்கன்னு தினம் பத்து பேருக்கு சொல்றேன். அதே காரியத்த பெரிம்மா தானா செஞ்சா எப்படி அது மட்டும் கோளாறு ஆகும்? பாத்துட்டு சொல்லட்டும், பாக்காம சொல்லக்கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

ராத்திரி ரெண்டு மணி. போன்ல படிச்சு கண்ணு எரியுது.

இதுக்கு மார்கெலான்ஸ்னு பேராம். அமெரிக்காவுல மேரி லெய்ட்டாவோன்னு ஒரு அம்மா, ரெண்டு வயசுப் பையனோட புண்ணுல நூல் மாதிரி இருக்கறத பாத்திருக்காங்க, எந்த டாக்டரும் நம்பலன்னதும் 2002ல அவங்களே வச்ச பேர் இது, 17ஆம் நூற்றாண்டுல தாமஸ் பிரவுன்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் எழுதின கடிதத்துல இருந்து எடுத்தது. அதுக்கப்பறம் ஆயிரக்கணக்கான பேர் எனக்கும் எனக்கும்னு வந்ததால அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையம் சி.டி.சி.யே ஆராய்ச்சில இறங்குச்சு. வடக்கு கலிபோர்னியால 115 பேர், ரிசல்ட் 2012ல வந்துச்சு. தொத்துற கிருமி எதுவும் கிடைக்கல, நூல்ல பெரும்பாலும் பருத்தி. உடம்புல பூச்சி ஊருதுன்னு மனசு உறுதியா நம்பற நோய், ஸ்வீடன்ல எக்பாம்னு ஒருத்தர் 1938லயே எழுதினது, அதோட இது ஒத்துப்போகுதுன்னு முடிச்சிருக்காங்க.

இன்னொரு பக்கம் கனடாவுல மிடில்வீன், கலிபோர்னியாவுல ஸ்ட்ரிக்கர், இந்த ரெண்டு ஆராய்ச்சியாளர்களும், இது மனசு சம்பந்தப்பட்டது இல்ல, உண்ணி கடிச்சு வர்ற லைம் நோயோட கிருமி பொரெலியாதான், நூல் எல்லாம் துணி இல்ல, முடி, நகத்துல இருக்கற மாதிரி உடம்பே உண்டாக்கற கெரட்டின்ங்கறாங்க. மாட்டுக் குளம்புப் பக்கத்துல வர்ற ஒரு புண்ணோட ஒப்பிட்டுக் காட்டறாங்க. அத படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு, பெரிம்மா முப்பது வருஷமா மாட்டுக்கொட்டகைல கிடக்கறவங்க. காலைல போயி நாலு மாட்டோட காலையும் தூக்கிப் பாத்தேன், ஒரு புண்ணும் இல்ல.

ஜூன் 17, செவ்வாய்

வைத்தீஸ்வரன்கோயில். உப்பு மிளகு போட்டோம், குளத்துல வெல்லம் கரைச்சோம், திருச்சாந்துருண்டை வாங்கிட்டு வந்தோம். வெல்லம் கரையற மாதிரி கரையணும்னு பெரிம்மா வாய்விட்டு சொன்னாங்க.

ஜூன் 21, சனி

மத்தியானம் லேப்ல கூட்டம் இல்ல, ஓனர்கிட்ட கேட்டுட்டு பெரிம்மாவ வரச் சொன்னேன். மொதல்ல விரல் இடுக்கு, மணிக்கட்டு எல்லாம் லென்ஸ் வச்சு பாத்தேன், சிரங்குப் பூச்சி தோண்டுற கோடு எதுவும் இல்ல. தோலச் சுரண்டி எடுத்து, பூஞ்சை இருக்கான்னு தெரிய கே.ஓ.எச். கரைசல் போட்டுப் பாத்தேன், படை இல்ல. அப்பறம் டப்பா. இருபத்திமூணு மடிப்பு, ஒண்ணொண்ணுலயும் தேதி எழுதியிருக்காங்க, அஞ்சாங்கிளாஸ் படிச்ச கையெழுத்து. ஒரு நீல நூல ஸ்லைடுல வச்சு மைக்ராஸ்கோப்புல பத்து மடங்கு லென்ஸ்ல பாத்து நாப்பதுக்குத் திருப்பினேன். தட்டையா ரிப்பன் மாதிரி, அங்கங்க முறுக்கிக்கிட்டு. பருத்தி அப்படித்தான் இருக்கும். முடின்னா செதில் தெரியும், பாலியெஸ்டர்னா கண்ணாடிக் குச்சி மாதிரி வழவழன்னு இருக்கும். அவங்க வேப்பந்தண்ணில நனைச்சு புண்ணுல ஒத்தி எடுக்கற நீலத் துண்டுல ஒரு நூல உருவி பக்கத்துல வச்சேன். ரெண்டும் ஒண்ணு.

எப்படி சொல்றதுன்னு தெரியாம, வாங்க பெரிம்மா நீங்களே பாருங்கன்னு ஸ்டூலைத் தள்ளினேன். ஒரு கண்ண மூடிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"துண்டு நூலாடி இது?"

"ஆமா பெரிம்மா. புண்ணு ஈரமா இருக்கில்ல, ஒட்டிக்குது, மேல பொருக்கு கட்டிடுது, பிச்சா உள்ளேர்ந்து வர்ற மாதிரி தெரியுது."

"சரி நூலுதான். அப்ப ஊருதே, அது யாரு?"

அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ரத்தம் மட்டும் எடுத்துக்கிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ரத்தத்துல வைட்டமின் பி12 138. இருநூறுக்கு மேல இருக்கணும். பதினோரு வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறாங்க, அது ரொம்ப வருஷம் சாப்பிட்டா பி12 குறையும்னு எனக்கே தெரியும், நானே மறந்துட்டேன். பி12 குறைஞ்சா நரம்பு பாதிக்கும், எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். ஏழு மாசத்துல ஒருத்தரும் எழுதிக் கொடுக்காத டெஸ்ட்.

ஜூலை 5, சனி

தஞ்சாவூர்ல வேற டாக்டர், மனநலம் பாக்கறவர். அவர் மொதல்ல கைய நீட்டச் சொல்லி தொட்டுப் பாத்தார், டப்பாவத் தொறந்து தேதி எல்லாம் படிச்சார். பி12 ஊசி, கூடவே ரிஸ்பெரிடோன் சின்ன டோஸ். இது பைத்தியத்துக்குக் குடுக்கறதான்னு பெரிம்மா நேராவே கேட்டாங்க. அதுக்கும் குடுக்கறதுதாம்மா, உங்களுக்கு அரிப்ப மூளை பெருசாக்கிக் காட்டுது, அந்த சத்தத்தக் குறைக்கன்னார். எதுக்குன்னு சொல்லாமயே இந்த மாத்திரையக் குடுத்துடற வழக்கமும் இருக்கு, சொன்னா சாப்பிட மாட்டாங்கங்கற பயம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல, நாளைக்கு மெடிக்கல்ல யாராவது சொல்லித் தெரிஞ்சா அப்பறம் எந்த டாக்டரையும் நம்ப மாட்டாங்க.

வீட்டுல தம்பி சண்டைக்கு வந்தான். அல்சர கூட டென்ஷன்னுதான சொன்னாங்க, அப்பறம் கிருமின்னு நோபல் வாங்கலையா, நீங்க மட்டும் மனசுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு. கேள்வி நியாயந்தான். ஆனா ஆஸ்திரேலியா டாக்டர் பேரி மார்ஷல் அந்த அல்சர் கிருமிய வளத்துக் காட்டினார், 1984ல தானே குடிச்சும் பாத்தார், எந்த லேப்ல தேடினாலும் கிடைச்சுது, அதான் 2005ல நோபல். பொரெலியா விஷயத்துல ஒரே குழு திரும்பத் திரும்ப சொல்லுது, 115 பேர்கிட்ட தேடினவங்களுக்கு பொதுவா ஒரு கிருமியும் கிடைக்கல. நாளைக்கு மத்த லேப்லயும் கிடைச்சா நானே மொத ஆளா ஒத்துக்குவேன். அதுக்காக பெரிம்மாவுக்கு மாசக்கணக்குல ஆன்டிபயாட்டிக் குடுத்துப் பாக்க நான் விடமாட்டேன்.

ஜூலை 26, சனி

நாலு நாளா ராத்திரி முழுசா தூங்கறாங்க. முழங்கைப் புண்ணு ஆறி தோல் வெளுப்பா வந்திருக்கு. ஊசியா மாத்திரையான்னு தெரியல, ரெண்டும் ஒண்ணா ஆரம்பிச்சதால பிரிக்க முடியல. பெரிம்மாவக் கேட்டா வைத்தியநாதர்ங்கறாங்க. அரிப்பு நின்னதாங்கறதுதான் எனக்கு வேணும். பகல்ல இன்னும் கொஞ்சம் இருக்காம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பாமணியாத்துல தண்ணி படிக்கட்டு வரைக்கும் ஓடுது. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் எல்லாம் வச்சு படைச்சோம். பெரிம்மா அரைக்கை ஜாக்கெட் போட்டிருந்தாங்க, இவ்ளோ மாசமா முழுக்கைதான். எல்லாருக்கும் மஞ்சள் நூல் கட்டறப்ப எனக்கு திக்குன்னுச்சு, இவங்க என்ன செய்வாங்களோன்னு. நூல கைல வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, விரலால நீவிப் பாத்தாங்க.

"பருத்திதான?"

"பருத்திதான் பெரிம்மா."

"அப்ப கட்டு"ன்னு குனிஞ்சு கழுத்தக் காட்டினாங்க.