ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விற்று இரண்டு கார் வாங்கினால்

போர்ஷே கேமன் மாதிரி ஒரே ஸ்போர்ட்ஸ் காரில் ஆபீசுக்கும் போய் ரேஸ் டிராக்கிலும் ஓட்டினால் இரண்டுமே அரைகுறைதான். டிராக்குக்கான பிரேக் பேட் போட்டால் ஒவ்வொரு சிக்னலிலும் கீச்சிடும். சாதா பேடோடு டிராக்கில் இறங்கினால் சில சுற்றுகளிலேயே பிரேக் பிடிப்பு மங்கும். அதனால் அமெரிக்காவில் சிலர் அதை விற்று, டிராக்குக்குப் பழைய மாஸ்டா மியாட்டா (கூரை திறக்கும் சின்ன இரண்டு சீட் கார்) ஒன்றும், தினசரி ஓட்டத்துக்கு கேம்ரி போன்ற செடான் ஒன்றும் வாங்குகிறார்கள்.

மியாட்டாவில் 1999-2005 தலைமுறையைத் தேடலாம். எடை ஏறக்குறைய 1,050 கிலோ. 15 அங்குல டயர், செலவு குறைவு. பெயிண்ட் பளபளப்பை நம்பாமல், பின்சக்கரத்துக்கு முன்னால் கதவுக்குக் கீழே துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பவர் கூட்டும் ஆசை பிறகு. முதலில் ரோல் பார், அதாவது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய் வளைவு. அது இல்லாமல் திறந்த காரைப் பல டிராக்குகளில் உள்ளே விடமாட்டார்கள். அடுத்து பிரேக் ஆயில். டாட் 4 (DOT 4) என்ற தர வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சினால் 155 வரை இறங்கலாம். கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போய்விடும். 300 டிகிரி தாண்டிய ரேசிங் ஆயிலை ஊற்றி, நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்யுங்கள், அதாவது பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுங்கள். ரேடியேட்டரின் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறியிருந்தால் விரிசல் விடப்போகிறது, மாற்றிவிடுங்கள். வீல் நட்டை 88-118 நியூட்டன் மீட்டருக்குள் டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.

செடானை முதலில் வாங்கிவிட்டு ஸ்போர்ட்ஸ் காரை விற்றால் அவசர விலைக்குத் தள்ள வேண்டியதில்லை. வழக்கமான இன்சூரன்ஸ் பெரும்பாலும் டிராக் சேதத்துக்குப் பணம் தராது. பாலிசியின் விலக்குப் பகுதியைப் படியுங்கள்.