ராணுவம் சுட்டால் வழக்கு யாருடையது?

'என்ரிகா லெக்ஸி' என்றால் குமரிக் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரையிலிருந்து சுமார் 20.5 கடல் மைல் தொலைவில், அந்தப் பெயர் கொண்ட இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள் செயின்ட் ஆன்டணி என்ற மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இறந்த இரண்டு மீனவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறைக்காரர். கடற்கொள்ளையர் என்று நினைத்ததாக அந்தத் தரப்பு சொன்னது. அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்று 2020இல் சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜூன் 15இல் 10 கோடி ரூபாயோடு உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. ரோமிலும் 2022 ஜனவரியில் கோப்பை மூடிவிட்டார்கள்.

சுடப்பட்டது நம் படகு என்பதால்தான் இந்த வழக்கு இவ்வளவு தூரமாவது வந்தது. போர் நடக்கும் ஊரில் நிவாரண வேலைக்குப் போன நம்மவர் ஒருவர் தரையில் வைத்து வேற்று நாட்டு ராணுவத்தால் சுடப்பட்டால், இங்கே காவல் நிலையத்தில் கொலை வழக்குப் போட சட்டத்தில் அநேகமாக இடமில்லை. நம் தண்டனைச் சட்டம் வெளிநாட்டில் குற்றம் செய்த இந்தியரைத்தான் துரத்திப் போகும்; இந்தியரைச் சுட்ட வெளிநாட்டவரை அல்ல. ஆகவே குற்ற வழக்குக்கான கதவு பெரும்பாலும் சுட்டவரின் நாட்டில்தான் இருக்கிறது. அதைத் தட்டக் கையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

டாம் ஹர்ண்டால் வழக்கை இதற்காகவே படிக்க வேண்டும். 2003 ஏப்ரல் 11, காசாவின் ராஃபா. பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கி அணிந்திருந்த 21 வயது பிரிட்டிஷ் தன்னார்வலர், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட குழந்தைகளை அப்புறப்படுத்தும்போது தலையில் சுடப்பட்டார். நினைவு திரும்பாமலே 2004 ஜனவரியில் லண்டனில் இறந்தார். ஆயுதம் ஏந்திய ஒருவனைச் சுட்டதாகவே இஸ்ரேலிய ராணுவம் முதலில் சொன்னது. வழக்கறிஞரான தந்தை அங்கேயே போய், சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்கித் தனிக் கோப்பு தயாரித்தார். பிறகுதான் ராணுவ போலீஸ் இறங்கியது. சுட்ட சிப்பாயின் கதை உடைந்தது. 2005இல் ராணுவ நீதிமன்றம் கொலையாகாத மரணம் விளைவித்தல், விசாரணையைத் தடுத்தல், பொய்ச் சாட்சி ஆகியவற்றுக்காக 8 ஆண்டு விதித்தது. 2010இல் விடுதலை. இந்த வகை வழக்குகளில் இந்தத் தண்டனையே அபூர்வம்.

மற்றவை ஏன் இந்த அளவுக்கு வருவதில்லை? சம்பவம் நடந்ததும் ராணுவம் முதலில் செய்வது படைக்குள்ளேயான செயல்பாட்டு ஆய்வு. இஸ்ரேலியச் சட்டப்படி அங்கே சிப்பாய்கள் சொன்னதை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க முடியாது. அந்த ஆய்வு முடியும்வரை குற்ற விசாரணை பல சமயம் தொடங்காமல் காத்திருக்கும். அதற்குள் எல்லோர் கதையும் ஒன்றாகிவிடும், இடமும் உருமாறிவிடும். 2024 ஏப்ரல் 1இல் காசாவில் வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் என்ற உணவு நிவாரண அமைப்பின் வாகனங்கள் மூன்றை இஸ்ரேலிய ராணுவம் தாக்கி 7 பேரைக் கொன்றபோது, பயணப் பாதையை முன்கூட்டியே ராணுவத்திடம் சொல்லியிருந்தார்கள். கூரையில் இருந்த சின்னம் இரவில் ட்ரோன் கேமராவுக்குத் தெரியவில்லை என்றது ராணுவம். நாலே நாளில் 2 அதிகாரிகளைப் பதவி நீக்கினார்கள். வேகம்தான், ஆனால் அது துறை நடவடிக்கை. ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் மருத்துவமனையில் 2015இல் அமெரிக்க விமானத் தாக்குதலில் 42 பேர் இறந்ததற்கும் அமெரிக்க ராணுவம் 16 பேர் மீது துறை நடவடிக்கையோடு நிறுத்திக்கொண்டது.

அதனால் களத்தில் உடனிருப்பவர்கள் முதல் 24 மணி நேரத்தில் செய்வதற்கே மதிப்பு அதிகம். சாட்சிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் முன்பே தனித்தனியாக எழுத வேண்டும்: நேரம், நின்ற இடம், மீட்டரில் தூரம், எத்தனை வெடிச்சத்தம், எந்தத் திசை, கையால் வரைந்த படம் ஒன்று. புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து அழியும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், மூலக் கோப்பு போனிலேயே இருக்கட்டும். ரத்தம் பட்ட உடையைத் துவைக்கக் கூடாது. நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், உடையில் உள்ள தடயம் கெட்டுப்போகும்.

உடல் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வரும்போது மரணச் சான்று, எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துதல்) சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று கூட வரும். இவை உடலைக் கொண்டுவரப் போதும், வழக்குக்குப் போதாது. எம்பாமிங் செய்தால் காயத்தின் விளிம்பு மாறிவிடும், வெடிமருந்துத் துகள் கழுவப்பட்டுவிடும். ஆகவே அதற்கு முன்பே அளவுகோல் வைத்துக் காயத்தின் புகைப்படமும் முழு உடல் எக்ஸ்-ரேயும் எடுக்கும்படி தூதரகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டது கணக்கில் வராது. இங்கே குமரி மாவட்டத்தில், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் மறு உடற்கூறாய்வு வேண்டுமென்றால் போலீஸ் அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். மனுவை உடல் வரும் முன்பே தயாராக வைக்க வேண்டும். இங்கிலாந்தில், வன்முறையால் இறந்தவர் உடல் அங்கே இருந்தால், சம்பவம் வெளிநாட்டில் நடந்திருந்தாலும் மரண விசாரணை அதிகாரி விசாரித்தே ஆக வேண்டும். ஹர்ண்டால் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார் என்று 2006இல் லண்டன் ஜூரி சொன்னது அப்படித்தான்.

இழப்பீட்டு வழக்கில் கெடுதான் எதிரி. காசாவிலோ மேற்குக் கரையிலோ இஸ்ரேலிய ராணுவத்தால் காயம் நேர்ந்தால் 60 நாளில் எழுத்து நோட்டீஸ், 2 ஆண்டுக்குள் வழக்கு. கெடு தாண்டாவிட்டாலும் 'போர் நடவடிக்கை' என்ற விலக்கு குறுக்கே நிற்கும். 2003இல் ராஃபாவில் இஸ்ரேலிய ராணுவ புல்டோசரில் இறந்த அமெரிக்கத் தன்னார்வலர் ரேச்சல் கோரியின் குடும்பம் 2012இலும் மேல்முறையீட்டில் 2015இலும் தோற்றது இதனால்தான்.

பணம் வந்தாலும் கையெழுத்தில் கவனம் வேண்டும். என்ரிகா லெக்ஸி வழக்கில், 2012இல் இறந்த இருவரின் குடும்பத்துக்குத் தலா 1 கோடி கொடுத்து, வழக்கைத் திரும்பப் பெறும் ஒப்பந்தம் போடப்பட்டது. உச்ச நீதிமன்றமே அதைக் கண்டித்தது. பிந்தைய 10 கோடியிலும் படகில் இருந்த மற்ற மீனவர்கள் விடுபட்டார்கள். அவர்கள் நீதிமன்றம் போன பிறகே, 2022இல், படகு உரிமையாளருக்கான 2 கோடியிலிருந்து 9 பேருக்குத் தலா 5 லட்சம் ஒதுக்கப்பட்டது. முதல் புகாரிலேயே காயம்பட்டவர், உயிர் தப்பியவர், பார்த்தவர் என எல்லோர் பெயரும் இருக்க வேண்டும். ரசீதில் 'இது கருணைத் தொகை மட்டுமே. குற்ற வழக்கையோ மற்ற உரிமைகளையோ இது கட்டுப்படுத்தாது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் உங்கள் வக்கீல் பார்க்கும்வரை கையெழுத்து வேண்டாம்.