பல்பு கணக்கு

"எந்தத் தெருவுல தம்பி மாத்துனீங்க?"

கிராம சபையில் ஊராட்சிச் செயலர் தெருவிளக்குச் செலவை வாசித்தபோது, பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா கேட்டார். செயலர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் பக்கத்தைப் புரட்டினார். சிரிப்பு கிளம்பியது.

அக்கா விடவில்லை. "எங்க தெரு இருட்டாத்தானே கெடக்கு?"

அதற்குள் கையெழுத்து நோட்டு பாதிக் கூட்டத்தைச் சுற்றி வந்துவிட்டது. பேச்சு தொடங்கும் முன்பே கையெழுத்து. கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேர்ந்துவிட்டால் சட்டப்படி கூட்டம் நடந்ததாகிவிடும் அல்லவா!

வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். பிரதிநிதி வழியாக இல்லாமல் நாமே நேராகப் பேசும் சபை இது. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்ததால் கிடைத்த உரிமை.

அதே சட்டம்தான் ஐந்தாண்டு முடிவதற்குள் உள்ளாட்சித் தேர்தல் நடத்தச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி, அதாவது தலைவருக்குப் பதிலாக அரசு அமர்த்தும் அதிகாரியின் ஆட்சி. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்.

ஜனநாயகத்துக்கு ஆபத்து என்றால் நமக்கு டெல்லிதான் ஞாபகம் வருகிறது. தலைவரே இல்லாத ஊராட்சிக்காக யாரும் டிவி விவாதம் வைப்பதில்லை. தலைவர் இருந்தால் அடுத்த ஓட்டுக்காகவாவது அந்த அக்காவுக்குப் பதில் சொல்லியிருப்பார். மாற்றலாகிப் போகும் அதிகாரிக்கு அந்தக் கவலை எதற்கு?

அடுத்த சபை நவம்பர் 1. வரவு செலவுக் கணக்கைத் தெருவாரியாகப் பிரித்து, முன்கூட்டியே ஒட்டச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.