திங்க்பேட் எக்ஸ்230-இல் மீண்டும் விண்டோஸ் 7: செய்து பார்த்த குறிப்பு

மடிக்கணினி 2012-இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230. ஐ5-3320எம் பிராசஸர், 8 ஜிபி ரேம். ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. ஒரு பழைய ஸ்கேனரின் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) விண்டோஸ் 7-உடன் நின்றுவிட்டதால் இந்தப் பின்வாங்கல். விண்டோஸ் 7-க்கான பொதுப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது. ஆகவே இது ஸ்கேன் செய்யவும் கோப்பு நகர்த்தவும் மட்டும். நெட்பேங்கிங்குக்கு இதைத் தொடவே கூடாது.

நிறுவும் வேலை அரை மணி நேரம்தான். மற்றதெல்லாம் பென்டிரைவில் முன்கூட்டியே எதை எடுத்து வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. புதிதாக ஏறிய விண்டோஸ் 7-க்கு இந்த மடிக்கணினியில் இருக்கும் இன்டெல் 82579எல்எம் லேன் சிப்பை (கேபிள் வழி இணையத்துக்கானது) அடையாளம் தெரியாது. லேன் டிரைவரைக் கொடுத்தாலும், கூடவே வரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8-இல் இன்றைய தளங்கள் பல திறக்காது. விண்டோஸ் அப்டேட்டும் சில பேட்ச் (திருத்தக் கோப்பு) போடும்வரை சர்வரோடு பேசாது. கிணற்றுக்குள் இறங்கிய பிறகு கயிறு தேட முடியாது.

32 பிட்டா 64 பிட்டா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். டிடிபி சென்டர்களில் டாங்கிள் (உரிமத்துக்காகச் செருகும் சிறு கருவி) செருகி ஓட்டும் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள், 16 பிட் இன்ஸ்டாலர் உள்ள புரோகிராம், கையொப்பமில்லாத டிரைவர் இவற்றில் ஏதாவது வேண்டுமென்றால் 32 பிட்தான். 4 ஜிபிக்கு மேல் ரேம் வீணாகும், பரவாயில்லை. இந்த ஸ்கேனருக்குக் கையொப்பமிட்ட 64 பிட் டிரைவர் இருந்ததால் இங்கே 64 பிட் புரொஃபெஷனல், எஸ்பி1 (முதல் சர்வீஸ் பேக்) சேர்ந்த ஐஎஸ்ஓ (நிறுவல் வட்டின் நகல் கோப்பு), சுமார் 3.1 ஜிபி.

பழைய விண்டோஸ் 10-ஐ அழிக்கவில்லை. எக்ஸ்230-இன் அடியில் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வந்துவிடும். அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, கையிலிருந்த 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியை உள்ளே தள்ளியாயிற்று. இதைவிட நல்ல பேக்கப் கிடையாது. வாங்கும் டிஸ்க் 7 மிமீ தடிமனாக இருக்க வேண்டும், 9.5 மிமீ உள்ளே போகாது.

ஆக்டிவேஷனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. விண்டோஸ் 7-உடன் விற்ற மடிக்கணினியில் சாவி (லைசென்ஸ் எண்) அச்சிட்ட ஸ்டிக்கர் அடிப்பக்கத்திலோ பேட்டரிக் குழியிலோ இருக்கும். அந்தச் சாவி, தொழிற்சாலையில் ஏற்றியபோது பயன்படுத்திய சாவி அல்ல. ஆன்லைனில் ஏற்காமல் போன் வழியே செய்யச் சொல்லலாம். விண்டோஸ் 8-உடன் வந்ததென்றால் ஸ்டிக்கரில் சாவியே இருக்காது, அது பயாஸுக்குள் (கணினியைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) இருக்கும், 7 அதைப் படிக்காது. சாவி போடாமல் 30 நாள் ஓடும். அந்த அவகாசத்தை மூன்று முறை புதுப்பிக்கலாம், மொத்தம் 120 நாள். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

பென்டிரைவ் 8 ஜிபி. பூட் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் பார்ட்டிஷன் வகை எம்பிஆர் (டிஸ்கைப் பிரிக்கும் பழைய முறை), டார்கெட் பயாஸ் என்று வைத்து எழுதியது. ரூஃபஸை விண்டோஸ் 7 கணினியிலிருந்தே ஓட்டுவதென்றால் 3.22 தான் கடைசிப் பதிப்பு; 4-இல் தொடங்குபவை ஓடாது. எழுதி முடித்ததும் அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டர்: சிப்செட், மேனேஜ்மென்ட் என்ஜின், எச்டி 4000 கிராபிக்ஸ், லேன், வைஃபை, யூஎஸ்பி 3.0, லெனோவோ பவர் மேனேஜ்மென்ட் டிரைவர்கள், கீழே வரும் பேட்ச்கள், ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் (நீண்ட காலம் ஆதரவு தரும் பதிப்பு).

பயாஸில் மாற்றியவை: எஃப்1 அழுத்தி உள்ளே போய் செக்யூர் பூட் ஆஃப், பூட் முறை லெகசி ஒன்லி (பழைய பயாஸ் முறை மட்டும்), சாட்டா (டிஸ்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ. ரீஸ்டார்ட் பக்கத்தில் ஓஎஸ் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ் என்பது இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். சாட்டா முறையை இப்போதே முடிவு செய்வது முக்கியம். நிறுவிய பிறகு மாற்றினால் 7பி என முடியும் நீலத் திரைதான் வரும். புதிய பூட் முறையான யூஇஎஃப்ஐயில் நிறுவ ஆசைப்பட்டால், பழைய பயாஸ் போல நடந்துகொள்ள வைக்கும் சிஎஸ்எம் வசதி இயங்க வேண்டும். விண்டோஸ் 7-இன் பூட் திரை பழைய விஜிஏ பயாஸை எதிர்பார்க்கிறது; சிஎஸ்எம் இல்லையென்றால் லோகோ வந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். இந்த வேலைக்கு லெகசியே போதும்.

முதல் முயற்சி இரண்டே நிமிடத்தில் நின்றது. இடப்பக்க நீல யூஎஸ்பியில் பென்டிரைவ். இன்ஸ்டால் நவ் அழுத்தியதும், சிடி அல்லது டிவிடி டிரைவுக்கான டிரைவர் காணவில்லை என்று செய்தி. எக்ஸ்230-இல் டிவிடி டிரைவே கிடையாது என்பது வேறு கதை. காணாமல் போனது யூஎஸ்பி 3.0 டிரைவர். பயாஸ் பென்டிரைவிலிருந்து பூட் செய்துவிடும். ஆனால் செட்டப் எழுந்ததும் விண்டோஸ் தன் சொந்த டிரைவரால் அதைப் படிக்கப் பார்க்கும். 2009-இல் வந்த சிஸ்டத்தில் அந்த டிரைவர் இல்லை. பயாஸில் யூஎஸ்பி 3.0 மோடு எனேபிள்டு என்றிருந்ததுதான் காரணம். அதை ஆட்டோ ஆக்கினால், டிரைவர் ஏறும்வரை அந்த போர்ட்டுகள் யூஎஸ்பி 2.0 ஆகவே நடந்துகொள்ளும். அதைவிட எளிது, வலப்பக்கத்து மஞ்சள் போர்ட். அது பிறவியிலேயே 2.0. பென்டிரைவை அங்கே மாற்றியதும் வழி திறந்தது.

ஆறாம் தலைமுறை இன்டெல் மடிக்கணினியில் இந்த வித்தை பலிக்காது. அந்தச் சிப்செட்டுகளில் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள், எந்த போர்ட்டில் செருகினாலும் ஒன்றுதான். விண்டோஸின் டிஸ்ம் கட்டளையால், செட்டப்பை ஓட்டும் பூட்.விம் கோப்பின் இரண்டாம் இண்டெக்ஸிலும் டிஸ்கில் ஏறும் விண்டோஸ் இருக்கும் இன்ஸ்டால்.விம் கோப்பிலும் யூஎஸ்பி 3.0 டிரைவரைச் சேர்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பூட்.விம்மில் மட்டும் சேர்த்தால் செட்டப் முடியும், ஆனால் முதல் முறை டெஸ்க்டாப் வரும்போது மவுஸ் செத்துக் கிடக்கும். ஏழாம் தலைமுறையும் அதற்கு மேலும் என்றால் இந்த முயற்சியே வேண்டாம். விண்டோஸ் 7-க்கு கிராபிக்ஸ் டிரைவர் தேடியே நாள் போய்விடும்.

இரண்டாவது தடங்கல், எஸ்எஸ்டி ஏற்கெனவே ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. லெகசி பூட்டில் விண்டோஸ் 7 அதில் ஏறாது என்று செட்டப் மறுத்தது. ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைச் சாளரம் வரும். அதில் டிஸ்க்பார்ட், பின் டிஸ்க் பட்டியல், டிஸ்க் 0 தேர்வு, கிளீன், கன்வர்ட் எம்பிஆர். கிளீன் அடிக்கும் முன் பட்டியலில் அளவை ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். பென்டிரைவும் அதே பட்டியலில்தான் இருக்கும். அதன் பிறகு ரிஃப்ரெஷ் கொடுத்து நெக்ஸ்ட். விண்டோஸ் 7 தானே 100 எம்பி சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன் போட்டுக்கொள்கிறது. எஸ்எஸ்டிக்கான அலைன்மென்ட்டும் சரியாகவே வருகிறது, தனியாகக் கவலைப்பட வேண்டாம். முதல் ரீபூட்டில் பென்டிரைவிலிருந்தே மறுபடி கிளம்பிவிடாமல் பார்த்துக்கொண்டால், 20 நிமிடத்தில் டெஸ்க்டாப்.

டிரைவர் ஏற்றிய வரிசை: சிப்செட், மேனேஜ்மென்ட் என்ஜின், கிராபிக்ஸ், யூஎஸ்பி 3.0, கடைசியில் லேன். வேண்டுமென்றே லேன் கடைசியில். பேட்ச் போட்டு முடியும்வரை கேபிள் செருகவில்லை. டிவைஸ் மேனேஜரில் அடையாளமற்று மஞ்சள் குறியோடு நிற்பவற்றின் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் குழப்பமில்லை. 8086-க்குப் பின் 1ஈ31 என்றால் யூஎஸ்பி 3.0, 1ஈ3ஏ என்றால் மேனேஜ்மென்ட் என்ஜின், 1502 என்றால் லேன். எல்இஎன்0068 என்று நின்றது லெனோவோ பவர் மேனேஜ்மென்ட். டிரைவர் எங்கும் கிடைக்கவில்லையென்றால் அந்த ஐடியை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்கில் போட்டுத் தேடலாம். வரும் கேப் கோப்பை 7-ஜிப்பால் பிரித்து, ஃபோல்டரைக் காட்டினால் போதும்.

பேட்ச்களில் வரிசை மாறக் கூடாது. முதலில் கேபி 3020369 (கேபி என்பது மைக்ரோசாஃப்ட் பேட்சுக்குத் தரும் எண்). பிறகு 2016-இல் வந்த பெரிய தொகுப்பு கேபி 3125574, 64 பிட்டுக்கு 475 எம்பி அளவு. அடுத்து கேபி 4490628, அதன் பின் கேபி 4474419. இந்தக் கடைசி இரண்டும்தான் உயிர்நாடி. 2019-க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் தன் அப்டேட்களை எஸ்எச்ஏ-2 என்ற புதிய வகை டிஜிட்டல் கையொப்பத்தோடு மட்டுமே வெளியிட்டது. பழைய விண்டோஸ் 7-க்கு அந்தக் கையொப்பத்தைப் படிக்கத் தெரியாது. இவை இல்லாமல் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால் 80072இஎஃப்இ பிழை வருவதும், புதிய டிரைவர் ஏற்றினால் கோடு 52 என்று மறுப்பதும் இதனால்தான். கடைசியாக 2020 ஜனவரித் தொகுப்பு கேபி 4534310. அதைப் போட்டால், வால்பேப்பர் ஸ்ட்ரெட்ச் முறையில் இருக்கும்போது அது கறுப்பாகிவிடும். அதைச் சரிசெய்யவே பிப்ரவரியில் கேபி 4539602 வந்தது. அல்லது வால்பேப்பரை ஃபில் என்று மாற்றினால் ஆயிற்று.

பேட்ச் கோப்பை இரட்டைக் கிளிக் செய்ததும் தேடுகிறேன் என்று அரை மணி நேரம் சுற்றிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸ் அப்டேட் அமைப்பை நெவர் செக் என்று மாற்றி, சர்வீசஸ் பட்டியலில் அந்தச் சர்வீஸை நிறுத்திவிட்டு மறுபடி கிளிக் செய்தால் உடனே நகர்கிறது. ஒவ்வொரு பேட்சுக்கும் இதையே செய்ய வேண்டியிருந்தது.

இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர். குரோம் 109-உடன் நின்றுவிட்டது என்பது ஒரு காரணம். ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ்களைத் தானே சுமந்து வருவதால் விண்டோஸின் பழைய சான்றிதழ்ப் பெட்டகத்தை நம்ப வேண்டியதில்லை என்பது இன்னொன்று.

எல்லாம் முடிந்து பார்த்தால் எஸ்எஸ்டியில் எதிர்பார்த்ததைவிட இடம் குறைவு. ஹைபர்னேஷன் கோப்பு ரேமில் 75 சதவீதம், அதாவது 6 ஜிபி. பேஜ் ஃபைல் இன்னொரு 8 ஜிபி. பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேஷனை நிறுத்தி, பேஜ் ஃபைலை 2 ஜிபியாகக் கட்டியதில் 12 ஜிபி திரும்பியது. ஸ்கேனர் முதல் முறையிலேயே எழுந்தது. கன்ட்ரோல் பேனலில் பேக்கப் பகுதிக்குள் இருக்கும் சிஸ்டம் இமேஜ் வசதியால் வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுத்தாயிற்று. பாக்கி, எஸ்டி கார்டு ரீடர் மட்டும். ரிக்கோ டிரைவர் ஏற்ற வேண்டும்.