சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம்

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் வளர்ந்தேன். இரவில் அப்பா வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே அன்றைய பொழுது எப்படிக் கழியும் என்பதை நானும் தம்பியும் தெரிந்துகொள்வோம். ஒரே மிதியில் ஸ்டாண்டு விழுந்தால் அவர் குடிக்கவில்லை. காகிதப் பொட்டலத்தில் காராச்சேவுகூட இருக்கும். இரண்டு மூன்று முறை தவறி, ஹேண்டில்பார் சுவரில் உரசினால், தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாக அப்பத்தா வீட்டுக்கு ஓடுவேன். அப்போது எனக்கு 7 வயது.

மதுரையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கும் எனக்கு, 41ஆம் வயதில், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி, நெஞ்சு படபடத்து, அதன்பின் உறக்கமே வராமல் போகத் தொடங்கியது. மகள் டம்ளரைக் கீழே போட்டால்கூட, அவள் பயந்து சுவரோரம் ஒதுங்கும் அளவுக்குக் கத்தினேன். அவள் ஒதுங்கி நின்ற விதம் எனக்கு நன்கு தெரிந்த விதம். நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். சிகிச்சைக்குப் போயே ஆக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

முதலில் இதயத்தைத்தான் சந்தேகித்தோம். ஈ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாகவே இருந்தன. அத்தை என்னைப் பாண்டி கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டிவிட்டார். அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அந்த மூன்று மாதங்களும் என்னைத் தனியே விடாமல் கூடவே இருந்தவர் அவர்தான். பிறகு ஒரு நாள் கோரிப்பாளையத்தில் பேருந்தைவிட்டு இறங்கி, மாணவர்களின் பெற்றோர் எவரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தோடு, மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு வாங்கினேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், முதுகுவலிக்குக் காத்திருப்பவர் போல மிக இயல்பாகச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்த பிறகே என் கைநடுக்கம் அடங்கியது.

மருத்துவர் மனச்சோர்வும் பதற்றமும் இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதினார். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். சற்றுத் தேறியதும், இரண்டாம் மாதத்தில், யாரிடமும் கேட்காமல் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். நான்கு நாள் தலைசுற்றலோடு படுத்த படுக்கையாகக் கிடந்தேன். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர் என் சிறுவயதைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்டார். அடி வாங்கியதுண்டா, வசவு உண்டா, தாயை அடிப்பதைப் பார்த்ததுண்டா, வீட்டில் குடிப்பவர் இருந்தாரா, வீட்டில் தன்மேல் அன்பு வைத்தவர் எவரும் இல்லை என்று தோன்றியதா என்றெல்லாம் அவை நீண்டன. ஐந்துக்கு ‘ஆம்’ என்றேன். அமெரிக்காவின் சான் டியேகோவில் 1995க்கும் 1997க்கும் இடையே, 17,000க்கும் மேற்பட்டோரிடம் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்னும் மருத்துவர்கள் நடத்திய ஆய்விலிருந்து வந்த கேள்விகள் அவை. 1998இல் முதல் கட்டுரை வெளியானபோது துன்ப வகைகள் ஏழு. பின்னர் அவை பத்தாயின. நான்கும் அதற்கு மேலும் கொண்டவர்களுக்கு, ஒன்றுமே இல்லாதவர்களைக் காட்டிலும், குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்றவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. இதைக் கேட்டு நான் உறைந்துபோனேன். அவரோ, “இது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் போட்ட கணக்கம்மா, உங்கள் ஜாதகம் இல்லை” என்றார். தொடர்ந்து, அடிக்கடி பயந்த குழந்தையின் உடல், ஆபத்துக்கு ஆயத்தமாகும் கார்டிசால் போன்ற சுரப்புகளை ஓயாமல் சுரந்து பழகிவிடுவதையும், ஆபத்து நீங்கிய பிறகும் அந்தக் காவலைக் கைவிடாமல் இருக்கக்கூடும் என்பதையும் விளக்கினார். தேற்றி அணைக்க ஒரு பெரியவர் இருந்தால் பாதிப்பு குறையும் என்பதால், பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியையும் கேட்டார்: “உங்களுக்கு யார் இருந்தார்கள்?” அப்பத்தாவின் சேலை வாசனையைச் சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவான வேலை. காலையில் பிள்ளைகள் வரிசையாக ஸ்டாண்டு போடும் சைக்கிள் கொட்டகைக்கு அருகில் போய் நிற்பதே எனக்குத் தரப்பட்ட பயிற்சி. உள்ளங்கை சில்லிட்டதும், பாதங்களைத் தரையில் ஊன்றி, கண்ணில் படுபவற்றை மனத்துக்குள் பெயர் சொல்ல வேண்டும்: வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம். பல வாரங்கள் சத்தம் தொடங்கியதுமே ஆசிரியர் அறைக்குத் திரும்பினேன். பின்னர் பிரார்த்தனை மணி அடிக்கும்வரை நிற்க முடிந்தது. உறக்கம் வராத இரண்டு இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசினேன். அதற்குக் கட்டணம் இல்லை.

எட்டாம் மாதத்தில் ஊருக்குப் போயிருந்தபோது, சைக்கிள் சத்தத்தைப் பற்றி அம்மாவிடம் முதன்முறையாகச் சொன்னேன். அவர் எங்களைத் தடுத்துக் காக்கவே இல்லை என்ற மனத்தாங்கல் எனக்கு இத்தனை ஆண்டுகளாக இருந்தது. அம்மா முறத்திலிருந்த அரிசியைப் பார்த்தபடியே சொன்னார்: “எனக்கும் அந்தச் சத்தம் கேக்கும்டி. நீங்க ரெண்டு பேரும் ஓடணும்னுதான் பின்கதவுக்கு ஒருநாளும் தாப்பாப் போட மாட்டேன்.”

அடுத்த அமர்வில், கொடுக்கப்பட்ட முக்கால் மணி நேரமும் அந்தத் தாழ்ப்பாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.