இரண்டு கோடைகள், ஓர் அறுவடை

ஜூன் 11

விடாத தூறல். மேல் வரிசைகளில் பூ திறக்க ஆரம்பித்த நேரம் பார்த்து வந்திருக்கிறது.

திராட்சைப் பூ கண்ணில் படுகிற பூ இல்லை. கடுகளவு பச்சை மொட்டுகள், அவ்வளவுதான். இதழ்கள் விரியாது. எல்லாம் ஒட்டிக்கொண்டு தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் அந்தத் தொப்பி அடியிலிருந்து கழன்று விழும், மகரந்தம் வெளியே வரும். எங்கள் ரகங்கள் தம் பூவிலேயே கருவுறுபவை, தேனீக்குக் காத்திருக்காது. ஆனால் இளஞ்சூடு வேண்டும். 20 முதல் 25 டிகிரி இருந்தால் சில நாட்களில் வேலை முடிந்துவிடும். 15-க்குக் கீழே இறங்கினால் தொப்பியும் கழலாது, மகரந்தமும் சரியாக முளைக்காது. இன்று நண்பகலில் 13.

காய்பிடிப்பைவிட எனக்கு இன்னொரு கவலை பெரிது. இப்போது இலைக்காம்பு இடுக்கில் சின்னதாகப் புடைத்திருக்கும் மொட்டு அடுத்த வசந்தத்தில்தான் துளிர்க்கும். ஆனால் அதற்குள் அடுத்த வருடக் குலையின் கரு உண்டாவது இதே வாரங்களில்தான். வெயிலும் சூடும் கிடைத்தால் அந்தக் கரு குலையாகும். மேகமூட்டமும் குளிரும் நீடித்தால் அதே கரு வெறும் பற்றுக்கொடியாகப் போய்விடும். ஆக, இந்த மழை இரண்டு அறுவடைகளின் மேல் பெய்துகொண்டிருக்கிறது.

ஜூன் 25

பயந்தபடியே ஆயிற்று. குலையை லேசாகத் தட்டினாலே பிடிக்காத பூக்கள் உதிர்கின்றன. நல்ல வருடத்திலும் பூவில் பாதியாவது உதிரத்தான் செய்யும், அது இயல்பு. இப்போது குலைகளில் முழு மணிக்குப் பக்கத்திலேயே மிளகளவு மணிகள் நிற்கின்றன. அவற்றில் விதை இருக்காது, பெரிதாகவும் ஆகாது.

அண்ணன், “இந்த வருஷம் இவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு கீழ் வயலுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 3

அறுவடை முடிந்தது. பெட்டிகள் குறைவு, பழம் பரவாயில்லை. மணிகள் நெருக்கமில்லாமல் காற்றோட்டமாக இருந்ததால் அழுகல் வரவில்லை. அதற்குமேல் எழுத இந்த வருடத்தில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 19

கடும் குளிர். விடியற்காலையில் மைனஸ் 11. கொடிகளுக்கு இதனால் ஆபத்தில்லை. இலையுதிர்காலம் மெதுவாகக் குளிர்ந்தால் கொடியும் மெதுவாகத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். அப்படிப் பழகிய ஐரோப்பிய ரகங்கள் மைனஸ் 15 வரை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். வெதுவெதுப்பான நாட்களுக்கு நடுவே சட்டென்று ஒரு குளிர் விழுந்தால்தான் அடி பலமாக இருக்கும்.

கவாத்துக்கு முன்னால் ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் சில குச்சிகளை வெட்டி வந்தேன். சவர பிளேடால் மொட்டுகளைக் குறுக்கே சீவி லென்ஸ் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஒரு மொட்டு என்று நாம் சொல்வதற்குள் மூன்று இருக்கும். நடுவில் முதன்மை மொட்டு, இரு பக்கமும் துணை மொட்டுகள். நடு மொட்டில் குலையின் கரு எத்தனை என்பது இப்போதே தெரியும். வழக்கமாக இரண்டு இருக்கும் இடத்தில் பலவற்றில் ஒன்றுதான் இருக்கிறது. ஜூன் மழை எழுதிவிட்டுப் போன கணக்கு இது.

அப்பாவிடம் காட்டினேன். லென்ஸை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “அப்போ கணு கூட விட்டு வெட்டு. மொட்டுக்கு ஒரு குலைதான் வருதுன்னா மொட்டாவது நிறைய இருக்கட்டும்” என்றார்.

மார்ச் 8

மேல் பாத்திகளில் கவாத்து முடிந்தது. மண் சூடேறத் தொடங்கிவிட்டது போல, வெட்டிய வாயிலிருந்து நீர் சொட்டுகிறது. வேர் விழித்துக்கொண்டது என்று அர்த்தம்.

கீழ்ப் பள்ளத்தை மட்டும் இன்னும் தொடவில்லை. வேண்டுமென்றேதான். கவாத்தைத் தள்ளிப்போட்டால் துளிர்ப்பதும் சில நாள் தள்ளிப்போகும். நீளமான குச்சியில் நுனி மொட்டுகள்தான் முதலில் விழிக்கும், அடிமொட்டுகள் அதுவரை அடங்கியிருக்கும். நுனி துளிர்த்த பிறகு அதை வெட்டியெறிந்தால் அடிமொட்டுகள் தாமதமாகக் கிளம்பும். பள்ளத்தில் உறைபனி இறங்கும் என்பதால் அங்கே ஒவ்வொரு நாள் தாமதமும் எங்களுக்கு லாபம்.

வெப்ப நாடுகளில் இந்தக் கதையே வேறு. அங்கே கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. கவாத்துதான் பருவத்தைத் தொடங்கி வைக்கும், எப்போது வெட்டுகிறோமோ அதிலிருந்து காலம் எண்ணப்படும். மழைக்காலத்தில் பழம் நிற்காதபடி வெட்டும் நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் அங்குள்ளவர்களின் சாமர்த்தியம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. தினசரிச் சராசரி வெப்பம் 10 டிகிரியைத் தாண்டும் போதுதான் கொடி துளிர்க்கும். அது கொடிக்கும் வானத்துக்கும் உள்ள பேச்சு.

ஏப்ரல் 17, விடிந்த பின்

கண் எரிகிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நேற்று மாலையே தெரிந்துவிட்டது. மேகமில்லை, காற்று அசையவில்லை, நிலம் வறண்டிருந்தது. பகலில் வாங்கிய சூட்டை மண் அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் ராத்திரி. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதற்கு மேலே, மர உயரத்தில், காற்று இரண்டு மூன்று டிகிரி சூடாகவே இருக்கும். பெரிய விசிறி வைத்திருப்பவர்கள் அந்த மேல் காற்றைக் கீழே தள்ளிக்கொள்வார்கள். எங்களிடம் தெளிப்பான்தான் இருக்கிறது, அதுவும் பள்ளத்தில் மட்டும்.

இளந்தளிருக்கு மைனஸ் 2 வந்தால் போயிற்று. அதனால் வெப்பமானி பூஜ்யத்துக்கு வருவதற்கு முன்பே தண்ணீரைத் திறந்தோம். உறைபனியிலிருந்து காக்கத் தண்ணீர் தெளிப்பது முதன்முதலில் கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. தளிரின் மேல் பனிக்கட்டி கட்டிக்கொண்டே இருக்கும்வரை அந்த வெப்பம் தளிரைப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்கும். இதில் ஒரே நிபந்தனை, நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஈரம் ஆவியாகத் தொடங்கி, தெளிக்காமல் விட்டதைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடும். வெயில் வந்து பனிக்கட்டி தானாக உதிரும்வரை ஓட வேண்டும்.

பின்னிரவில் ஒரு வரிசைக் குழாயில் அடைப்பு. அண்ணன் விளக்கோடு ஓடி, விரல் விறைக்க விறைக்க முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார். அண்ணி வெப்பமானிகளைப் பார்த்துப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கடைசியாக அவர் சொன்ன அளவு மைனஸ் 3.

மார்ச் மாத வெதுவெதுப்பைக் கொண்டாடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2021-இல் பிரான்ஸில் நடந்தது அதுதான். மார்ச் கடைசியில் கோடை மாதிரி சூடு, கொடிகள் சீக்கிரமே துளிர்த்தன, ஏப்ரல் முதல் வாரங்களில் உறைபனி விழுந்தது. பல பகுதிகளில் தளிர்கள் ஒட்டுமொத்தமாகக் கருகின. குளிர்காலம் மிதமானால் உறைபனி ஆபத்து குறையும் என்று நினைப்பது தவறு. துளிர்ப்பது முன்னால் வந்துவிடுகிறது, உறைபனி பின்னால் போவதில்லை.

ஏப்ரல் 21

பள்ளம் தப்பியது. தண்ணீர் எட்டாத ஓரத்து வரிசைகளில் தளிர்கள் கறுத்துத் தொங்குகின்றன. அங்கே துணை மொட்டுகள் கிளம்பும். அவற்றில் குலை குறைவாகத்தான் இருக்கும், பழுப்பதும் பிந்தும். ஆனால் கொடி சாகாது. ஒரு மொட்டுக்குள் மூன்று வைத்திருப்பது இதற்காகத்தானே.

மே 20

நேற்று இரவு 14 மில்லிமீட்டர் மழை. அடிச்சாம்பல் நோய்க்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரிக்கு மேல், மழை 10 மில்லிமீட்டர், தளிர் 10 சென்டிமீட்டர். மூன்றும் சேர்ந்துவிட்டால் மண்ணில் குளிர்காலத்தைக் கழித்த பூசணம் தெறிக்கும் மழைத்துளியோடு இலைக்கு ஏறும். மூன்றும் சேர்ந்தாயிற்று. காலையிலேயே போர்டோ கலவை அடித்தோம்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இந்தக் கலவையை 1885-இல் உலகத்துக்குச் சொன்னவர் மில்லார்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். பழம் திருடுபவர்களை விரட்டப் பாதையோரக் கொடிகளில் நீலமாக எதையோ பூசி வைத்திருந்தார்கள். அந்த வரிசைகளில் மட்டும் இலை உதிராமல் இருப்பதை அவர் கவனித்தார். எனக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை. நடந்து போகிற வழியில் எந்த வரிசை நன்றாக இருக்கிறது, ஏன் என்று பார்ப்பதைவிட இந்தத் தொழிலில் வேறு என்ன இருக்கிறது?

ஜூன் 10

பூ. வெயில். 24 டிகிரி. காற்றில் அந்த மெல்லிய மணம். போன வருடம் இதே நாட்களில் இருந்த நிலைக்கு நேர் எதிர். குலை எண்ணிக்கை குறைவுதான், அது ஜனவரியிலேயே தெரிந்த கதை. இருக்கிற குலைகளில் நன்றாகப் பிடிக்கும். அடுத்த வருட மொட்டுகளுக்கும் இப்போது நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. நெருக்கமான இடங்களில் தளிர்களைப் பிரித்துக் கட்டினேன்.

ஜூலை 22

38 டிகிரி. இலைகள் மடங்கி நிற்கின்றன. 35-ஐத் தாண்டினால் கொடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீரைக் காப்பாற்றுகிறது, ஆனால் சர்க்கரை செய்வதும் நின்றுவிடும். வெயில் அதிகமானால் பழம் இனிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஓரளவு வரைதான் அது உண்மை. அதற்கு மேல் கொடி உழைப்பதில்லை, உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நேர்வெயில் படும் மணியின் தோல் காற்றைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் சூடாகும். அதனால் காலை வெயில் படும் கிழக்குப் பக்கத்தில் மட்டும் குலையைச் சுற்றி இலை எடுத்தோம். மேற்குப் பக்கத்தில் ஓர் இலையையும் கிள்ளவில்லை. மதியத்துக்குப் பிந்திய வெயில்தான் மணியை வேகவைக்கும்.

ஆகஸ்ட் 12

மணிகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. ஒரு குலையில் இரண்டு மூன்று மட்டும் கறுத்து, மற்றவை பச்சையாக. கல் மாதிரி இருந்தவை விரலுக்கு இளகுகின்றன. இனிமேல்தான் சர்க்கரை ஏறும்.

தினசரிச் சராசரி வெப்பத்திலிருந்து 10-ஐக் கழித்து, மிச்சத்தை ஏப்ரல் முதல் கூட்டிக்கொண்டே வருகிறேன். 1944-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அமரைனும் விங்க்லரும் இந்தக் கணக்கை வைத்துத் திராட்சை நிலங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். எந்த மண்ணில் எந்த ரகம் பழுக்கும் என்பதற்கு இன்றும் அது நல்ல வழிகாட்டி. இந்த வருடக் கூட்டுத்தொகை போன வருடத்தைவிட நன்றாக முன்னால் இருக்கிறது. அறுவடையும் முந்தும்.

அப்பாவின் பழைய நோட்டுகளில் அறுவடைத் தேதிகளைப் புரட்டினால் மெல்ல மெல்ல முன்னால் நகர்வது தெரிகிறது. இதைப் பெரிய அளவில் காட்டுவது பிரான்ஸின் போன் (Beaune) நகரப் பதிவு. 1354 முதல் 2018 வரையான அறுவடைத் தேதிகளை ஆய்வாளர்கள் தொகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். 1987 வரை சராசரியாக செப்டம்பர் 28. 1988-க்குப் பிறகு சராசரி 13 நாள் முந்திவிட்டது. வெப்பமானி பிறப்பதற்கு முன்பே கொடி வெப்பத்தைக் குறித்து வைத்திருக்கிறது. அறுநூறு வருடம் ஏறி இறங்கியது, இப்போது ஒரு முப்பது வருடத்தில் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

செப்டம்பர் 10

காலையில் எல்லா வரிசைகளிலும் மணி பறித்துச் சாறெடுத்தேன். மேல் பாத்தியில் சர்க்கரை 22 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாற்றில் ஏறக்குறைய 22 கிராம். கருவி காட்டும் எண்ணோடு விஷயம் முடிவதில்லை. கோடைச் சூட்டில், புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் கரைந்துவிட்டது. கொடி அதைச் சுவாசத்தில் எரித்துவிடும், டார்டாரிக் அமிலம்தான் நிற்கும். இன்னும் சூடு நீடித்தால் சர்க்கரை மேலும் ஏறும், புளிப்பு இறங்கும், ஒயின் தட்டையாகிவிடும். நல்லவேளை, சில நாட்களாக ராத்திரி குளிர்கிறது.

விதையைக் கடித்துப் பார்த்தேன். பழுப்பு நிறம், முறுக்கென்று உடைந்தது. தோலில் துவர்ப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாலைந்து நாள் பொறுத்தால் சரியாக இருக்கும்.

செப்டம்பர் 12

அந்த நாலைந்து நாள் கிடைக்காது. மறுநாள் இரவு முதல் கனமழை என்கிறது முன்னறிவிப்பு.

பழுத்த மணிக்கு மழை இரண்டு வழியில் கெடுதல். தோல் நீரை இழுத்து வெடிக்கும். வெடித்த இடத்திலும் நெருக்கமான மணிகளுக்கு நடுவிலும் சாம்பல் அழுகல் புகும். இந்த வருடம் காய்பிடிப்பு நன்றாக இருந்ததால் குலைகள் இறுக்கம். போன வருடம் காப்பாற்றிய காற்றோட்டம் இப்போது இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு நீண்டது. அண்ணன் எல்லாவற்றையும் பறித்துவிடலாம் என்றார். அப்பா மேல் பாத்தியை மட்டும் பறிக்கச் சொன்னார். உறைபனியில் கருகிய ஓரத்து வரிசைகளில் துணை மொட்டுக் குலைகள் இன்னும் 18 பிரிக்ஸில்தான் நிற்கின்றன. மணிகளும் நெருக்கமில்லை, தோலும் கெட்டி. அவை மழையைத் தாங்கும் என்பது அவர் கணக்கு. நான் அப்பா பக்கம். பள்ளத்தைப் பற்றித்தான் முடிவெடுக்க முடியவில்லை. கடைசியில் அதையும் பறிப்பதென்று ஆயிற்று.

செப்டம்பர் 13

விடியுமுன்பே தொடங்கினோம். பழம் குளிர்ச்சியாக இருக்கும்போது பறித்தால்தான் சாறு கெடாமல் ஆலை போய்ச் சேரும். கடைசிப் பெட்டி ஏறும்போது முதல் துளி விழுந்தது.

செப்டம்பர் 29

மழைக்குப் பிறகு உலர்ந்த காற்று வீசியதில் ஓரத்து வரிசைகள் நன்றாகத் தேறின. இன்று 21 பிரிக்ஸ், புளிப்பும் இருக்கிறது. பள்ளத்துப் பழத்தைவிட ருசி இதில்தான் என்று அண்ணனே சொன்னார். தனித் தொட்டியில் போடச் சொல்லியிருக்கிறோம்.

அக்டோபர் 8

தோட்டத்தில் ஆளில்லை, வேலை இருக்கிறது. இலைகள் இன்னும் பச்சையாக நிற்கின்றன. அறுவடைக்குப் பிந்திய இந்த வாரங்களில் இலை செய்யும் மாவுச்சத்து வேருக்கும் தண்டுக்கும் இறங்கி, அடுத்த வசந்தத்தில் முதல் தளிர்களுக்கு உணவாகும். அதனால் இன்று மேல் பாத்திக்குத் தண்ணீர் விட்டோம். அடிச்சாம்பல் நோய் தெரிந்த வரிசைகளில் இன்னொரு முறை மருந்தடித்தோம். நாளைக்குப் பள்ளம்.